அழுத்துபவருக்குத் தெரியாது

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அண்ணனிடம் கேட்டால், "உங்க அண்ணி கத்தரிக்கோலும் கையுமா இருக்கா, அப்புறம் பேசச் சொல்றேன்" என்று மூன்று மாதமாக ஒரே பாட்டைப் பாடுகிறார். கத்தரிக்கோல் பிடிக்கிற அளவுக்கு உங்கள் மணிக்கட்டு தேறிவிட்டது என்பதை அதிலிருந்து தெரிந்துகொண்டேன். சந்தோஷம்.

இங்கே வேலை பரவாயில்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல், சாயங்காலம் மூட்டுவலிக்காரர்களைத் தண்ணீருக்குள் நடக்க வைப்பது. நாள் முழுக்க உடம்பில் குளோரின் வாடை. வாத்து என்று அண்ணன் சரியாகத்தான் பெயர் வைத்தார்.

எழுத வந்தது அதுவல்ல. அண்ணனின் நெஞ்சுக்குள், இதயம் நின்றால் தானே ஷாக் கொடுக்கிற அந்தச் சின்ன மெஷினை வைக்க ஜூன் கடைசியில்தான் தேதி கொடுத்திருக்கிறார்களாம். லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, ஏதோ பழைய லிஃப்ட்டுக்குப் புது மோட்டார் வரப்போகிற மாதிரி சொல்கிறார். ஆனால் டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். மெஷின் வைக்கும் வரை இதயம் மறுபடியும் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். அதுவரை வீட்டில் அவருக்குத் துணை நீங்கள் ஒருவர்தான். உங்கள் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வந்துசேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை நாம் இரண்டு பேரும் பார்த்துவிட்டோம்.

உங்களால் தனியாக முடியாது அண்ணி. யாராலும் முடியாது. அன்று அண்ணன் சமையலறையில் விழுந்தபோது முதலில் நெஞ்சில் கை வைத்து அழுத்த ஆரம்பித்தது நீங்கள்தான். நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஓடிவந்து, "மாத்துங்க அண்ணி, நான் அழுத்தறேன்" என்று மூன்று தடவை சொன்னேன். நீங்கள் காதில் வாங்கவே இல்லை. அதற்குள் உங்கள் கை தளர்ந்து, மேலோட்டமாகத் தட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் தோளைப் பிடித்துத் தள்ளினேன். நீங்கள் அலமாரியில் மோதி மணிக்கட்டை முறித்துக்கொள்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

தள்ளியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னதற்குக் கேட்கிறேன். அதைத் திருப்பி எழுதக்கூடக் கை வரவில்லை.

இன்னொரு ஆளைப் பழக்கி வையுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

வாத்து


பிப்ரவரி 21

நாத்தனார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அண்ணன் முதலில் பிரித்துப் படித்துவிட்டு, திரும்ப ஒட்டி, ஒன்றுமறியாத முகத்தோடு என்னிடம் நீட்டினார். பசை இன்னும் காயவில்லை.

நீ போனில் பேசாமல் எழுதியதும் நல்லதுதான். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். இங்கே என் வரியைப் பாதியில் பிடுங்க உன்னால் முடியாது.

உனக்கு எழுதக் கை வராததை நான் எழுதுகிறேன். எனக்கு ஓர் எழுத்துகூட மறக்கவில்லை. "உங்க கையிலயே விட்டிருந்தா எங்கண்ணன் போயிருப்பாரு." எனக்குக் கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்குகிறது, உள்ளே அவர் இன்னும் கண் திறக்கவில்லை, நீ இதைச் சொல்கிறாய். எங்கண்ணனாம். பதினேழு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்துகிறவள் அந்த ஒரு சொல்லில் யாரோ ஆகிவிட்டேன்.

அப்புறம் டாக்டர் வந்து, "வீட்டுல யாரோ நல்லா அழுத்தியிருக்கீங்க" என்றார். நீ தலையாட்டினாய். நானும் பக்கத்தில்தான் நின்றேன். இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்கள், "தங்கச்சிதான் காப்பாத்துச்சாமே" என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு அளவு எடுக்கிறேன். வேறென்ன செய்ய.

நம் கடை வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. ஒரு கை ஆரம்பித்த சட்டையை அந்தக் கைதான் முடிக்கும். தைக்கிறவள் லீவு போட்டால் சட்டை அவளுக்காகக் காத்திருக்கும். வேறு கை பட்டால் நூலின் இழுப்பு மாறிப்போகும், போட்டுக்கொண்டதும் தெரிந்துவிடும். அன்றைக்கும் எனக்கு அந்தப் புத்திதான். நான் ஆரம்பித்தேன், நானே முடிக்க வேண்டும் என்று இருந்தேன். எனக்குக் களைப்பும் இல்லை. நாளெல்லாம் மெஷின் மிதிக்கிற உடம்பு இது.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். நீ தள்ளினாய், நான் விழுந்தேன், நீ முட்டி போட்டாய், ஈரத் தலைமுடியை ஒதுக்கினாய், எங்கே அழுத்துவது என்று இடம் தேடினாய். அவ்வளவு நேரமும் அவர் நெஞ்சின்மேல் யார் கை இருந்தது?

மறுபடியும் அப்படி ஒன்று வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ குளத்தைப் பார்.

அண்ணி


மார்ச் 4

அண்ணிக்கு,

யார் கையும் இல்லை. நீங்கள் கேட்டது நியாயம்தான்.

போன வாரம் குளத்து ஆட்களுக்கெல்லாம் பயிற்சி கொடுக்க ஒரு நர்ஸ் வந்திருந்தார். நம் கதையைச் சொன்னேன். அனுதாபப்படுவார் என்று பார்த்தால், "மாத்தப் போறவங்க முன்னாடியே எதிர்ப்பக்கம் முட்டி போட்டு, கைய தயாரா வெச்சிருக்கணும். அவங்க எடுக்கறதும் நீங்க வைக்கறதும் ஒண்ணா நடக்கணும். குடும்பச் சண்டை போடற நேரமாம்மா அது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதோடு போகவில்லை. ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சில் எங்களை அழுத்தச் சொன்னார். போதுமான ஆழம் இறங்கினால் பச்சை விளக்கு எரியும். என் தோள்மேல் எனக்கு இருக்கும் கர்வம் உங்களுக்குத் தெரியும். ஜோராக ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்துவிட்டது. "விளக்கு கெட்டுப்போச்சு" என்றேன். நர்ஸ் ஒரே ஓர் அழுத்து அழுத்தினார், எரிந்தது.

எனக்குக் களைப்பே தெரியவில்லை அண்ணி. மூச்சு வாங்கவில்லை, கை வலிக்கவில்லை. அதற்கெல்லாம் முன்பே அழுத்தம் குறைந்துவிடுகிறது. அழுத்துபவருக்குத் தெரியாது, பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும் என்றார். அதனால்தான் களைத்தாலும் களைக்காவிட்டாலும் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்கிறார்கள். இன்னொன்றும் சொன்னார். களைத்தவர் தன்னை அறியாமல் நெஞ்சின்மேல் சாய்ந்துவிடுவாராம். ஒவ்வோர் அழுத்துக்கும் நெஞ்சு முழுசாக மேலே வந்தால்தான் இதயத்தில் ரத்தம் வந்து நிரம்பும்.

என்னை நம்ப வேண்டாம். கோட்டுத் தோளுக்கு வைக்கிற ஃபோமை அடுக்கி இறுகக் கட்டுங்கள். பக்கத்தில் மர ஸ்கேலை நிறுத்துங்கள். இரண்டு இஞ்ச் இறங்க வேண்டும், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஆனால் ஸ்கேலை நீங்கள் பார்க்கக் கூடாது. அண்ணன் படிக்கட்டும்.

டாக்டரிடம் தலையாட்டியதைக் கேட்டீர்கள். அன்றைக்கு எதற்கெல்லாம் தலையாட்டினேன் என்றே எனக்குத் தெரியாது. டீ வேண்டுமா என்று யாரோ கேட்டதற்கும் ஆட்டினேன். குடிக்கவில்லை.

வாத்து


மார்ச் 18

நாத்தனாருக்கு,

உன் பேச்சைக் கேட்டு என் மானம் போனது.

கடையை மூடிவிட்டு, நீ சொன்ன மாதிரியே ஃபோமை அடுக்கித் தரையில் வைத்தேன். உன் அண்ணன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் டீ, ஒரு கையில் பிஸ்கட், மூக்கில் கண்ணாடி, ஏதோ மேட்ச் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். நான் அழுத்த ஆரம்பித்தேன். அவர் படித்தார். "ரெண்டு. ரெண்டு. ரெண்டேகால், மேடம் கோவத்துல இருக்காங்க. ரெண்டு. ரெண்டு." எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். உனக்கு என்ன பதில் எழுதலாம் என்றுகூட யோசித்துக்கொண்டேன். அப்புறம், "ஒண்ணே முக்கால்" என்றார். "ஒண்ணரை."

"நல்லாப் பாருங்க" என்றேன்.

"நல்லாத்தான் பாக்கறேன். ஒண்ணேகால். சரி விடு, நான் போய்ச் சேந்துட்டேன்" என்று பிஸ்கட்டைக் கடித்தார்.

முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் உள்ளே போய் அழுதேன். அவரே தான் பிழைப்பதையும் சாவதையும் ஸ்கேலில் படித்துச் சொல்கிறார், எனக்கோ ஒன்றும் தெரியவில்லை. என் கைக்கு அது முதலில் அழுத்திய அதே அழுத்துதான். சத்தியமாகச் சொல்கிறேன். தையலில் கோணல் விழுந்தால் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். இதில் கண்ணும் கூட வருவதில்லை. மறுநாளும் பார்த்தேன், அதற்கு மறுநாளும். ஒரே இடத்தில்தான் குறைய ஆரம்பிக்கிறது.

நம் கடையில் பட்டனுக்குக் காஜா போடுகிற அக்காவைப் பழக்கியிருக்கிறேன். அவளுக்குப் பலம் இருக்கிறது, பயமும் இல்லை. சிக்கல் என்னிடம்தான். முதல் நாள் அவள் எதிரில் முட்டி போட்டு, "மாத்துங்க" என்றதும், "இரு, இந்த வரிசையை முடிச்சுடறேன்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதில் ஏது வரிசை.

அதனால் வராந்தாவில் நீ சொன்னது சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அதை நீ சொல்லியிருக்கக் கூடாது. ஸ்கேல் சொன்னால் எனக்கு வலிக்கவில்லை, நீ சொன்னது வலித்தது.

காஜா அக்கா காலையில் வந்து இருட்டுவதற்குள் போய்விடுவாள். அதற்குப் பிறகு எதிர்வீட்டு ஓட்டுநர் இருக்கிறார், அவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பேரும் இருக்கமாட்டார்கள். அந்த ஒரு நாளைக்குத்தான் ஆள் இல்லை. சும்மா தகவலுக்காக எழுதினேன்.

அண்ணி


மார்ச் 25

அண்ணிக்கு,

தகவலுக்கு நன்றி. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். சாயங்காலம் திரும்பிவிடுவேன். என் பழைய அறையில் இப்போது துணி மூட்டைகள் இருக்கும் என்று தெரியும், காலி செய்ய வேண்டாம். உட்கார ஒரு நாற்காலி போதும்.

அண்ணனிடம் நான் ஸ்கேலைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லுங்கள். அவருக்காக என்று சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

உங்கள் எதிரில் வந்து நிற்க எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அதையும் தகவலுக்காக எழுதுகிறேன்.

வாத்து


மே 13

வாத்துக்கு,

நேற்றுத்தான் பஸ் ஏற்றிவிட்டேன், இன்று கடிதமா என்று நினைப்பாய். உன் அண்ணன் எதிரில் சில விஷயங்களைப் பேச முடிவதில்லை. மனிதருக்குப் பாம்புக் காது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். நாம் இரண்டு பேரும் கை மாற்றுவது இப்போது சரியாக வருகிறது. நேற்று நீ எதிரில் முட்டி போட்டதும், கை வைத்ததும், நான் எடுத்ததும் எனக்கே தெரியவில்லை. "லிஃப்ட்டு கூட இவ்வளவு நைசா நிக்காது" என்று அவர் சொன்னது உன் காதில் விழுந்ததா? நீ போன பிறகும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். நீயும் நானும் ஒரே அறையில் சண்டையில்லாமல் இருக்கிறோம் என்பதில்தான் அவருக்கு மகிழ்ச்சி, நான் கண்டுபிடித்துவிட்டேன்.

இப்போது மற்றது. அவர் உன் எதிரில் நடிக்கிறார். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. கால் வீங்கியிருக்கிறது, உனக்குத் தெரியாமலிருக்க சாக்ஸ் போட்டுக்கொள்கிறார். டாக்டரிடம் போனோம், மாத்திரையை மாற்றினார். தேதியை முன்னால் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன், பார்க்கிறேன் என்றார்.

எப்படி அழுத்துவது, எப்போது மாற்றுவது எல்லாம் நீ சொல்லிக்கொடுத்தாய். எப்போது நிறுத்துவது என்று சொல்லவில்லை. எனக்கு அது தெரிய வேண்டும். நாம் எல்லாம் சரியாகச் செய்தும் அவர் திரும்பி வராவிட்டால் என்ன செய்வது?

அண்ணி


மே 20

அண்ணிக்கு,

நிறுத்துவது நம் வேலை இல்லை. ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதைப் பற்றி எழுத எனக்கு வேண்டாம், தயவுசெய்து நீங்களும் எழுதாதீர்கள்.

சாக்ஸை நான் முதல் வாரமே பார்த்துவிட்டேன்.

வாத்து


ஜூன் 17

அண்ணிக்கு,

எல்லாம் முடிந்து திரும்பி வந்து ஆறு நாள் ஆகிறது. வேலைக்குப் போகிறேன். பிள்ளைகள் தண்ணீரில் கத்துகிறார்கள், எனக்கு எங்கோ தூரத்தில் கேட்கிறது.

அங்கே இருந்தபோது உங்களிடம் கேட்க முடியவில்லை. வீடு நிறைய ஆட்கள். இப்போது கேட்கிறேன். ஏன் நிறுத்தச் சொன்னீர்கள்?

மெஷின் வைக்க மூன்று வாரம்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், "வாத்து, கொஞ்சம் தண்ணி" என்றார். நான் தண்ணீரோடு வருவதற்குள் சரிந்துவிட்டார். நீங்கள் உடனே கை வைத்தீர்கள். நான் போன் செய்தேன், எதிரில் முட்டி போட்டேன். ஒரு தடவைகூட நாம் தடுமாறவில்லை. ஆம்புலன்ஸில் வந்தது இரண்டே பேர். அவர்கள் குழாய் போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள், ஷாக் கொடுத்தார்கள், அழுத்துவதில் நம்மையும் சேர்த்துக்கொண்டார்கள். நாலு பேரும் மாறி மாறிச் செய்தோம். கடைசியில் ஆம்புலன்ஸில் வந்த அந்த அம்மா போனில் டாக்டரிடம் பேசிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தார். அப்போது என் முறை. நீங்கள், "போதும்மா, கையை எடு" என்றீர்கள். நான் எடுக்கவில்லை. நீங்கள் என்னைத் தள்ளவில்லை. என் கைமேல் உங்கள் கையை வைத்தீர்கள். நானாக நிறுத்தும் வரைக்கும் அப்படியே வைத்திருந்தீர்கள்.

உங்கள்மேல் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரியதாக ஒன்று தூங்கவிடாமல் அரிக்கிறது. என் கை தளர்ந்துபோயிற்றா அண்ணி? அதைப் பார்த்துத்தான் நிறுத்தச் சொன்னீர்களா? எனக்குத் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? கடைசி வரை பலமாக அழுத்தினேன் என்றுதான் என் உடம்பு சொல்கிறது. அந்தப் பொம்மையிடமும் அப்படித்தான் சொன்னது. பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள் ஒருவர்தான். எனக்கு ஆறுதல் வேண்டாம். பார்த்ததைச் சொல்லுங்கள்.

வாத்து


ஜூன் 25

வாத்துக்கு,

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். கோணலாகத் தைத்ததை நேராக இருக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. காசு கொடுக்கிறவர்களிடமே சொன்னதில்லை. அதனால் இதை நம்பு.

உன் கை ஒரே ஒரு தடவை தளர்ந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால், உன்னுடைய இரண்டாவது முறையில். நெஞ்சை முழுசாக மேலே வரவிடாமல் சாய ஆரம்பித்தாய். "மாத்து" என்றேன், உடனே கொடுத்தாய். அதற்குப் பிறகு குறையே இல்லை. கடைசி முறையில் ஒவ்வோர் அழுத்தும் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கியது, முழுசாக மேலே வந்தது. நான் சொன்ன பிறகும் நீ விடாமல் அழுத்தினாயே, அதுவும் அப்படியேதான் இருந்தது. உன் கை தளர்ந்ததால் நான் நிறுத்தச் சொல்லவில்லை. உன் கை நன்றாகவே இருந்தது. என் கையும் நன்றாக இருந்தது. அவர்தான் இல்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்தபோது எனக்கு அது தெரிந்துவிட்டது. யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ சொல்லமாட்டாய். உன்னைச் சொல்லவைக்கவும் கூடாது. பெண்டாட்டி என்று நான் எதற்கு இருக்கிறேன். சொன்னதற்காக உனக்கு என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அதைத் தாங்கிக்கொள்வேன். முன்பு ஒரு சொல்லுக்கே தாங்காமல் மூன்று மாதம் போனை எடுக்காதவள் நான், இப்போது கொஞ்சம் பழகிவிட்டது.

உன் அறையில் இருந்த மூட்டைகளை எடுத்துவிட்டேன். கடையைத் திறந்துவிட்டேன். காஜா அக்கா யாரையும் என்னிடம் துக்கம் விசாரிக்க விடுவதில்லை, வாசலிலேயே மடக்கி அனுப்பிவிடுகிறாள். சாப்பிடுகிறேன். தூக்கம்தான் இல்லை.

ஏன் இல்லை என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நான் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் என் கையை, அப்புறம் உன் கையை, அப்புறம் அவர்கள் கையை. எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு ஏறுகிறது, எப்போது மாற்ற வேண்டும், இதேதான். அவர் முகத்தை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து பார்த்தபோது துணி போட்டு மூடிவிட்டார்கள். மறுநாள் பார்த்த முகம் அவருடையது மாதிரியே இல்லை.

நீ அழுத்தும்போது அவருக்கு நேர்மேலே குனிந்திருந்தாய். நீ பார்த்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமை வா. அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நீதான் சொல்ல வேண்டும்.

அண்ணி